அடர்நீல ஜீன்ஸின் சாயம் பட்ட இடமெல்லாம் ஒட்டுகிறது: உப்பும் வினிகரும் ஏன் கைகொடுக்கவில்லை?

புதிதாக வாங்கிய அடர்நீல ஜீன்ஸை மூன்று நாள்தான் போட்டீர்கள். அதற்குள் வெளிர்நிற சோபாவிலும் வெள்ளைத் தோள்பையிலும் நீலம் ஏறிவிட்டது. உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் இரண்டு தடவை இரவு முழுக்க ஊறவைத்தும் மாற்றமில்லை. சாயத்தைத் துணியோடு ‘லாக்’ செய்ய வழி உண்டா, வாங்கியது தரமில்லாத சரக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். வார்த்தைப்படி இது சாயத்தை இறுக்குவது பற்றிய கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு: ஜீன்ஸின் கருநீலம் போகக் கூடாது, அதே நேரம் உட்காரும் இடமெல்லாம் நீலமாகவும் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும். ஏனென்றால் முதலாவதற்கு, அதாவது வீட்டில் வைத்துச் சாயத்தை லாக் செய்வதற்கு, வழி இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

டெனிம் சலவை ஆலையின் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். துணியைத் தேய்த்துச் சாயம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் அங்கே அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். தோல் பொருள்களைச் சீரமைப்பது என் தொழில் அல்ல. அதனால் உங்கள் பையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஜீன்ஸின் உள்பக்கத் தையல் ஓரத்தில் பிசிராகத் தொங்கும் நீல நூல் ஒன்றைக் கத்தரித்து எடுங்கள். அதன் முறுக்கை நகத்தால் மெல்லப் பிரித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே கருநீலம், உள்ளே வெள்ளை. முழு நூலும் நீலம் இல்லை, மேல்தோல் மட்டும்தான் நீலம். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டுமே சாயம் ஏற்றுவார்கள், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். அந்தப் பாவு நூலிலும் சாயம் நடுவரை போகாது. ஜீன்ஸ் பழகப் பழக முட்டியிலும் தொடையிலும் வெளுத்து அழகாவதற்கு இதுதான் காரணம். உங்கள் சோபா நீலமானதற்கும் இதேதான் காரணம். சாயமெல்லாம் வெளிவிளிம்பில் இருக்கிறது, உரசினால் முதலில் கிளம்புவதும் அதுதான்.

ஏன் உள்ளே போவதில்லை? ஜீன்ஸுக்கு நீலம் தரும் இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். கரையாததைப் பருத்திக்குள் ஏற்ற முடியாது. அதனால் சாயத்தொட்டியில் காஸ்டிக் சோடாவும், நாங்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் சேர்த்து, தற்காலிகமாகக் கரையும் வடிவத்துக்கு அதை மாற்றுவார்கள். அந்த வடிவம் நீலம் அல்ல, மஞ்சள் கலந்த பச்சை. நூல் சில விநாடி முங்கி மேலே வரும்போது பச்சையாகத்தான் வரும். காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. காற்றில் உள்ள ஆக்சிஜன் சாயத்தை மறுபடியும் கரையாத வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது, அது நூலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு முக்கலில் வெளிர்நீலம்தான் வரும். கருநீலம் வேண்டுமானால் முக்கி, காற்றில் விட்டு, மறுபடி முக்கி என்று பல சுற்று ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு. நிறம் எவ்வளவு அடர்த்தியோ, மேலே பிடிமானமில்லாமல் குந்தியிருக்கும் சாயமும் அவ்வளவு அதிகம்.

இன்னொன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியும். டி-ஷர்ட், படுக்கை விரிப்பு போன்றவற்றுக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்கின்றன, அதாவது சாயமும் நாரும் ஒரே மூலக்கூறாகிவிடுகின்றன. இண்டிகோவுக்கு அப்படிப்பட்ட பிணைப்பு கிடையாது. நாரின் இடுக்கில் சிக்கிக்கொண்டும், மிக வலுக்குறைந்த ஈர்ப்பில் ஒட்டிக்கொண்டும்தான் அது நிற்கிறது. இயற்கை இண்டிகோ ஒட்டாது, செயற்கைதான் ஒட்டும் என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897இல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அவுரிச் செடியில் இருந்து எடுத்ததும், இன்று ஆலையில் தயாராவதும் நிறம் தருவதில் ஒரே மூலக்கூறுதான். அவுரியில் தோய்த்த துணியும் உரசினால் ஒட்டும்.

இப்போது உங்கள் உப்புக்கும் வினிகருக்கும் வருகிறேன். இது வெறும் கட்டுக்கதை இல்லை. சரியான அறிவு தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பு போடுவது உண்மை. தண்ணீரில் பருத்தியும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது, டைரக்ட் (தண்ணீரில் கரைந்து நேரடியாகப் பருத்தியில் ஏறும் சாயம்), ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து, கரைந்திருக்கும் சாயத்தை நாரை நோக்கி அனுப்புகிறது. இது சாயம் ஏற்றும் நேரத்து வேலை. ஏறி முடிந்த சாயத்தை அது பூட்டாது. இண்டிகோவோ கரையவே இல்லை, அதை எங்கே அனுப்புவது? வினிகர் கதையும் இப்படித்தான். கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றுக்கு ஆசிட் சாயம் ஏற்றும்போது அமிலம் தேவை. அந்த நார்களில் அமிலத்தோடு சேர்ந்து சாயத்தை இழுக்கும் இடங்கள் இருக்கின்றன. பருத்தியில் அவை இல்லை. ஆலையில் நாங்களும் கடைசி அலசலில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்ப்போம். அது துணியில் மிச்சமிருக்கும் காரத்தைப் போக்கத்தான், நிறத்தை நிறுத்த அல்ல.

உங்கள் விஷயத்தில் இரவு முழுக்க ஊறவைத்தது உதவாமல் போனதோடு நிற்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சோப்பு இல்லாத தண்ணீரில் துணியை அசையாமல் போட்டால், இளகி வெளிவந்த சாயத் துகளைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. உப்பு வேறு அந்தத் துகள்களைத் திரளச் செய்யும். காலையில் நீங்கள் எடுக்கும்போது அவற்றில் ஒரு பங்கு மறுபடியும் துணிமேலேயே படிந்திருக்கும். தண்ணீர் நீலமாக இல்லையே, சாயம் பிடித்துவிட்டது போல என்று அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடைகளில் ‘டை ஃபிக்ஸர்’ என்று விற்கும் திரவங்களைப் பற்றியும் கேட்கத் தோன்றும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை நேர்மின்னேற்றம் கொண்ட பிசின்கள். எதிர்மின்னேற்றமுள்ள டைரக்ட், ரியாக்டிவ் சாயங்களைப் பிடித்துக் கரையாமல் செய்வது அவற்றின் வேலை, அதை நன்றாகவே செய்கின்றன. இண்டிகோவுக்கு மின்னேற்றம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை ஒரு கருநீலத் துணியில் நம்பிக்கையோடு போட்டுப் பார்த்தேன். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தபோது முன்பு எவ்வளவு நீலம் ஒட்டியதோ கிட்டத்தட்ட அவ்வளவே பிறகும் ஒட்டியது. ஆலையில் வேறு வகை ரசாயனங்கள் இருக்கின்றன. பாலியூரித்தேன், அக்ரிலிக் போன்ற பைண்டர்களை, அதாவது ஒட்டுப்பொருள்களை, துணிமேல் மெல்லிய படலமாகப் பூசி, சூட்டில் உலர்த்திப் பிடிக்கவைப்போம். கொஞ்சம் பலன் உண்டு. துணியின் தொடுஉணர்வு மாறும், பல சலவைக்குப் பிறகு படலம் தேய்ந்துவிடும். வாளியில் வைத்துச் செய்யக்கூடிய வேலை அல்ல அது. சலவையோடு போடும் ‘கலர் கேட்சர்’ தாள்களும் டை ஃபிக்ஸர் போலத்தான், இங்கே உதவாது. கரைந்து மிதக்கும் சாயத்தை அவை பிடிக்கும். உலர்ந்த ஜீன்ஸ் சோபாவில் உரசும்போது நடப்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான்: எப்படியும் கிளம்பப்போகிற உபரிச் சாயத்தை, சோபாவில் கிளம்பவிடாமல் சலவைத் தண்ணீரில் கிளம்பவைப்பது.

அதைத் தொடங்கும் முன் நிலவரத்தை அளந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் இதற்கு ஒரு கருவி உண்டு, கிராக்மீட்டர் என்போம். ஒரு சிறிய உலோக விரலில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, 9 நியூட்டன் விசையில் மாதிரியின் மேல் பத்து முறை முன்னும் பின்னும் ஓட்டுவோம். ஒருமுறை உலர்ந்த துணியில், இன்னொருமுறை நனைத்த துணியில். வெள்ளைத் துணியில் ஏறிய கறையைச் சாம்பல்நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் போடுவோம். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் மோசம். ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்ற தரமுறை சொல்வது இதைத்தான். வீட்டில் உங்கள் ஆள்காட்டி விரலும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் போதும். கைக்குட்டையை விரலில் இறுக்கிச் சுற்றி, தொடைப் பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குப் பத்து முறை ஒரே அழுத்தத்தில் தேயுங்கள். கைக்குட்டையின் வேறொரு மூலையை நனைத்துப் பிழிந்து, ஜீன்ஸில் வேறோர் இடத்தில் அதே போல் தேயுங்கள். இரண்டு கறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரக் கறைதான் கண்டிப்பாக அடர்த்தியாக இருக்கும். சலவை காணாத கருநீல டெனிம் உலர்தேய்ப்பில் 3, 4 வாங்கினாலும் ஈரத்தேய்ப்பில் 1, 2 என்றுதான் நிற்கும். அதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. அந்தக் கைக்குட்டையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈரத்தில் அதிகம் ஒட்டும் என்பது சாதாரணத் தகவல் போலத் தெரியும். உண்மையில் உங்கள் சோபாவின் கதையே அதுதான். வியர்வை, மழைத்துளி, காற்றின் ஈரப்பதம், குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாமல் போட்டது என எல்லாமே ஈரத்தேய்ப்புதான். ஒரே ஜீன்ஸ் குளிர்ந்த உலர்ந்த நாளில் சும்மா இருந்து, புழுக்கமான நாளில் சோபாவை நீலமாக்கும்.

இனி சலவை. முதலில் உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆலையிலேயே ஒருமுறை அலசி (ரின்ஸ் வாஷ் செய்து) விற்ற ஜீன்ஸா, தறியில் இருந்து வந்தபடியே தைத்த ரா டெனிமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரா டெனிம் அட்டை போல விறைப்பாக இருக்கும், அது பாவுக்குப் போட்ட கஞ்சி. நெசவில் நூல் அறுந்துவிடாமல் இருக்கப் பூசிய அந்தக் கஞ்சிப் படலத்தில் நிறைய உபரிச் சாயம் சேர்ந்திருக்கிறது. கஞ்சி போனால் கூடவே அதுவும் போகும். ஆனால் ரா டெனிமில் சுருக்கம் வரும். சான்ஃபரைஸ் செய்த துணி, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணி, கொஞ்சமாகச் சுருங்கும், செய்யாதது பத்து சதவீதம் வரைகூடச் சுருங்கலாம். இடுப்பு இப்போதே இறுக்கமாக இருந்தால் வெந்நீரைத் தொடாதீர்கள்.

ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்பி, ஜிப்பையும் பொத்தானையும் போடுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான, சுமார் 40 டிகிரி தண்ணீர் வேண்டும். தாராளமாக எடுங்கள், ஒரு ஜீன்ஸுக்கு ஒரு பெரிய வாளி நிறைய. டிடர்ஜென்டை முதலில் கரைத்துவிட்டுத் துணியைப் போடுங்கள். பிளீச் கலக்காத, நிறத்துணிக்கான திரவ டிடர்ஜென்ட் இருந்தால் நல்லது. அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நடுவில் நாலைந்து முறை கையால் தூக்கித் தூக்கி அமுக்குங்கள், கசக்க வேண்டாம். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மை கரைந்தது போல இருக்காது, கலங்கலாக இருக்கும். சில மணி நேரம் விட்டால் கிண்ணத்தின் அடியில் நீலப் பொடி படிவதையும் பார்க்கலாம். உங்கள் சோபாவில் போய் உட்கார்ந்தது அந்தப் பொடிதான்.

ஊறியதும் தண்ணீரை வடித்துவிட்டு, உடனே புதுத் தண்ணீரில் அலசுங்கள். நீலத் தண்ணீரிலேயே துணி கிடக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஆலையில் இதற்குப் பேக்ஸ்டெயினிங் என்று பெயர். வெளிவந்த இண்டிகோ வெள்ளை ஊடை நூலிலும் பாக்கெட் துணியிலும் திரும்பப் படிந்துவிடும். இதைத் தடுக்கவே டிடர்ஜென்ட் வேண்டும். அதில் உள்ள பொருள்கள் சாயத் துகளைச் சூழ்ந்துகொண்டு தண்ணீரிலேயே மிதக்க வைக்கும். தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு அலசல். மெஷினில் போடுவதானால் இந்த ஜீன்ஸை மட்டும் தனியாக, அதிகத் தண்ணீர், மென்மையான சுழற்சி, கூடுதல் அலசல் என்று வையுங்கள். டிரம்மில் திணித்தால் நனைந்த டெனிமின் மடிப்புகள் விறைத்து நின்று, ஒரே கோட்டில் உரசி வெள்ளை வரிகள் விழும். அந்த வரிகளை மறைக்க முடியாது. முடிந்ததும் உடனே எடுத்து, உள்வெளியாகவே நிழலில் தொங்கவிடுங்கள். கொடியில் பக்கத்துத் துணி தொடாமல் இடம் விடுங்கள்.

இதை மூன்று அல்லது நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். எத்தனை என்பது துணிக்குத் துணி மாறும். அதனால் எண்ணிக்கையை நம்பாமல் கைக்குட்டையை நம்புங்கள். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும், ஜீன்ஸ் நன்றாகக் காய்ந்தபின், அதே இரண்டு தேய்ப்பையும் செய்து முதல் கறையோடு ஒப்பிடுங்கள். உலர்தேய்ப்பில் கறை தெரிவது நின்றாலே சோபா, பை போன்றவற்றுக்கான ஆபத்து பெருமளவு குறைந்துவிட்டது. ஈரத்தேய்ப்பு முழுக்கச் சுத்தமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்தாண்டு பழைய ஜீன்ஸை நனைத்துத் தேய்த்தாலும் லேசாக நீலம் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு, நிறம் கொஞ்சம் இறங்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்குவது பெரும்பாலும் அந்த மேற்படிந்த பளபளப்பான கருமை மட்டும்தான், நூலில் பிடித்திருக்கும் நீலம் நிற்கும். ஆறு மாதம் துவைக்காமலே போட வேண்டும் என்று டெனிம் பிரியர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மடிப்புத் தடங்கள் கூர்மையாக வெளுக்க வேண்டும் என்பவர்களுக்கு அது நியாயமான வழி. அந்த ஆறு மாதமும் உபரிச் சாயம் முழுக்க அவர்கள் உட்காரும் இடத்துக்கும் தொடும் பொருளுக்கும்தான் போகும். வெளிர்நிற சோபாவையும் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் துவைத்துவிடுவேன்.

நீங்கள் வாங்கியது உண்மையிலேயே இண்டிகோதானா என்ற சந்தேகத்தையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு ஜீன்ஸ் பெரும்பாலும் சல்ஃபர் கருப்பு. கருப்போடு கலந்த கருநீலத்தில் இண்டிகோவுக்குக் கீழேயோ மேலேயோ ஓர் அடுக்கு சல்ஃபர் சாயம் இருக்கலாம். அதுவும் கரையாத சாயம்தான், மேலே சொன்ன சலவைமுறை அதற்கும் பொருந்தும். சில மலிவான ரகங்களில் மட்டும் டைரக்ட் சாயம் ஏற்றியிருப்பார்கள். வித்தியாசம் தெரிந்துகொள்ள, நனைத்த வெள்ளைத் துணியை நனைத்த ஜீன்ஸின் மேல் உரசாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். உரசாமலே நன்றாக நிறம் ஏறினால் கரையும் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம், அப்போது நான் மேலே ஒதுக்கிய டை ஃபிக்ஸர் உண்மையிலேயே உதவும். இது ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சலவைகள் முடியும் வரை பாதுகாப்பு உங்கள் கையில். சோபாவில் ஒரு துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பைப் போடுங்கள். கால்விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டால் வெள்ளை ஷூ தப்பிக்கும். பையை இடுப்பில் உரசும்படி தொங்கவிடாமல் கையில் பிடியுங்கள். பின்பாக்கெட்டில் வெளிர்நிற பர்ஸும், சிலிக்கான் உறை போட்ட போனும் வேண்டாம். செயற்கைத் தோல், வினைல், ரப்பர் போன்ற உறைகளில் சிக்கல் வேறு விதம். துணியில் சாயம் மேலே ஒட்டுகிறது. இவற்றிலோ நாள்பட்டால் பொருளுக்குள்ளேயே ஊடுருவிவிடுகிறது. நீலமான போன் உறையை எத்தனை தேய்த்தாலும் மாறாததற்குக் காரணம் அதுதான், கறை மேலே இல்லை. அதனால் இவ்வகைப் பொருளில் முதல் நாளே துடைப்பதற்கும் ஒரு மாதம் கழித்துத் துடைப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஏற்கனவே ஏறிய கறைக்கு, பொருளைப் பார்த்துத்தான் வைத்தியம். உங்கள் சோபா உறை கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துணி என்றால் நிலைமை நல்லது. டிடர்ஜென்டில் துவைத்து, கறை முழுக்கப் போகும்வரை சூடான டிரையரிலோ இஸ்திரியிலோ காட்டாதீர்கள். போகவில்லை என்றால், உறையின் லேபிள் அனுமதித்தால், ஆக்சிஜன் பிளீச்சை (குளோரின் இல்லாத பிளீச்) வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து சில மணி நேரம் ஊறவிடுங்கள். அதற்கும் மசியாத, முழுக்க வெள்ளையான பருத்தித் துணிக்கு மட்டும், கலர் ரிமூவர் என்ற பெயரில் கிடைக்கும் ஹைட்ரோஸ் வேலை செய்யும். தொட்டியில் இண்டிகோவைக் கரைத்த அதே ரசாயனம் கறையில் உள்ள இண்டிகோவையும் கரைக்கிறது. நீலம் மஞ்சள்பச்சையாக மாறுவதைப் பார்ப்பீர்கள். அந்த நிமிடமே நிறையத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். காற்று பட விட்டால் அது மறுபடி நீலமாகி அங்கேயே உட்கார்ந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மூச்சை நெருடும் நெடி வரும். பொடியை ஈரம் படாமல் மூடி வையுங்கள், ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் தன்மை அதற்கு உண்டு. நிறமுள்ள துணியில் இதைத் தொடவே கூடாது, அந்த நிறத்தையும் சேர்த்து உருவிவிடும். குளோரின் பிளீச் கையில் இருந்தால் ஓர் எச்சரிக்கை: வினிகர் கலந்த எதிலும் அதை ஊற்றாதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும். வினிகர் நிரம்பிய வாளி இன்னும் உங்கள் குளியலறையில் இருக்கலாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

பை உண்மைத் தோல் என்றால், மென்மையான சோப்பு நுரையில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால், கறையின் விளிம்பில் இருந்து நடுவை நோக்கி லேசாக ஒற்றி எடுங்கள். முதலில் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் செய்து பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. அது சாயத்தோடு தோலின் மேற்பூச்சையும் கரைத்துவிடும், நீலக் கறை இருந்த இடத்தில் மங்கலான ஓட்டை மாதிரித் தெரியும். பற்பசை, மேஜிக் ஸ்பாஞ்ச் இரண்டும் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் வேலை செய்பவை. ஷூவின் ரப்பர் ஓரத்துக்கு மேஜிக் ஸ்பாஞ்ச் நல்லது, பையின் பளபளப்புக்கு நல்லதல்ல. பை மெல்லிய ரோமப் பரப்புள்ள ஸ்வேட் என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், தோல் சுத்தம் செய்பவரிடம் நேரே கொடுத்துவிடுங்கள். விலையுயர்ந்த பை எதுவானாலும் என் பதிலைவிட அவர் கை மேல்.

விரல் நுனியும் தொடையும் நீலமாவது பற்றிப் பயப்பட வேண்டாம், சோப்பு போட்டுக் குளித்தால் சில நாளில் தானாகப் போய்விடும். தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் மட்டும் அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, இது தரமில்லாத சரக்கா என்ற கேள்வி. சாயம் ஒட்டுகிறது என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். ‘வெளிர்நிறப் பொருள்களில் சாயம் ஒட்டக்கூடும்’ என்று உள்ளே ஒரு சீட்டு தைத்திருந்தால், தயாரித்தவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஆனால் ஏற்கனவே சலவை செய்தது என்று லேபிள் சொல்லும் ஜீன்ஸ், மேலே சொன்னபடி நான்கைந்து முறை துவைத்த பிறகும் உலர்ந்த கைக்குட்டையில் பளிச்சென்று நீலத்தை விட்டால் அது ஆலையின் குறை. சாயம் ஏற்றியபின் ஒழுங்காக அலசவில்லை, அல்லது நிறத்தைக் கூட்டிக்காட்டக் கடைசியில் மேலே இன்னோர் அடுக்கு ஏற்றி அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். அப்போது வாங்கிய ரசீதோடு, முதல் நாள் எடுத்து வைத்த கறையையும் ஐந்தாம் சலவைக்குப் பிறகு எடுத்த கறையையும் கொண்டுபோய், விற்றவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள்.